ஸ்பிட்ஃபயர் காரின் ஈட்டி மரம்: ஒரு டேஷ்போர்டின் அடுக்குகள்

டேஷ்போர்டு என்ற சொல்லே காருக்கு முந்தியது. குதிரை வண்டி ஓடும்போது குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியில் இருப்பவர் மேல் படாமல் இருக்க, முன்னால் ஒரு பலகை வைப்பார்கள். அதுதான் டேஷ்போர்டு. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் பலகை அங்கேயே நின்றுவிட்டது. ஸ்பீடோமீட்டர், ஆம்மீட்டர் எல்லாம் வந்தபோது அவற்றைப் பொருத்த வாகான இடமும் அதுவாகவே இருந்தது.

தொடக்க கால கார்களின் பாடியைக் கட்டியவர்களும் வண்டி செய்த தச்சர்கள்தான். நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. மெட்ராஸில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி, குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மோட்டார் வண்டிக்கு பாடி கட்டப் போனது. ஆக, காருக்குள் மரம் இருந்தது முதலில் ஆடம்பரம் அல்ல, பழக்கம். உலோகத் தகட்டை அச்சில் அழுத்தி பாடி செய்யும் முறை வந்த பிறகுதான் மரம் தேவையில்லாத பொருளாகி, அதனாலேயே அந்தஸ்தின் அடையாளமும் ஆனது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு மரத்துண்டைப் பற்றியது. என் நண்பர் வீட்டில் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் உட்காரக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் டேஷ்போர்டு வெனீர் உப்பி, ஓரங்களில் பெயர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து புது வால்நட் பேனல் வரவழைத்து மாட்டிவிடலாம் என்று நண்பர் முடிவு செய்திருந்தார். விற்கப் போனால் "ஒரிஜினல்" மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கழற்றுவதற்கு முன்னால் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பார்த்தேன். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

மெட்ராஸ் கார் ஒன்றின் சகோதரி

ஸ்பிட்ஃபயரின் கதையில் பாதி சென்னைக்கும் சொந்தம். 1959-ல் பிரிட்டனில் ட்ரயம்ஃப் ஹெரால்டு வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. தனி சேஸிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு மாட்டும் அமைப்பு. 1961-ல் வந்த ஹெரால்டு 1200 மாடலில் மர டேஷ்போர்டும் வந்தது. அதே ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியின் வடிவமைப்பில் 1962-ல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர்.

அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாரித்தது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963-ல் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் மெட்ராஸில் அது 1980-களின் கடைசி வரை உயிரோடு இருந்தது. ஹெரால்டுக்குப் பின் கெஸல், அதன்பின் ஸ்டாண்டர்டு 2000.

இதனால் ஒரு வேடிக்கையான நிலைமை. இந்தியாவில் 1953-ல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைக்குப் பிறகு, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கு மட்டுமே இடம் என்றானது. வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து கோர்த்துக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. வெளிநாட்டுக் காரும் அதன் உதிரிபாகமும் எட்டாக்கனி ஆயின. அந்தக் காலத்தில் எம்.ஜி.யோ ஜாகுவாரோ வைத்திருந்தவர்கள் ஒரு சின்ன பாகத்துக்குக்கூட அல்லாட வேண்டும். ஆனால் மெட்ராஸில் ஸ்பிட்ஃபயர் வைத்திருந்தவருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். முன்பக்க சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் என்று பல விஷயங்கள் ஹெரால்டு வம்சம். புதுப்பேட்டையில் தேடினால் ஏதாவது கிடைக்கும், இல்லாவிட்டால் ஒன்றை மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

கிடைக்காதவை ஸ்பிட்ஃபயருக்கே உரிய பாகங்கள். அதில் ஒன்று டேஷ்போர்டு. 1967-ல் மார்க் 3 வந்தபோதுதான் ஸ்பிட்ஃபயரின் மீட்டர்களைச் சுற்றி மர வெனீர் வந்தது. மீட்டர்கள் நடுவில் இருக்கும், டிரைவருக்கு நேரே இருக்காது. ஸ்டீயரிங் இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஒரே பேனலை இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம். ப்ளைவுட் மேல் வால்நட் வெனீர், அதன்மேல் லாக்கர். அவ்வளவுதான். புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம், ஆனால் எந்த நல்ல தச்சராலும் செய்யக்கூடிய ஒரே பாகமும் அதுதான்.

கும்மிடிப்பூண்டிப் பெரியவர்

பேனலை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். செங்குன்றம் தாண்டி, சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை வழி. இந்தச் சாலைக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்து சோழவரம் விமான ஓடுபாதையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடங்கள் ரேஸ் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு கார் புதிதல்ல. எண்ணூரில் 1949-ல் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் காரைக் கோர்க்கத் தொடங்கியது. திருவள்ளூர் பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் உருவானது.

நாங்கள் தேடிப்போனது கார் மெக்கானிக்கை அல்ல. சிப்காட் பக்கத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேட்டர்ன் மேக்கர் ஒருவரை. வார்ப்பு ஆலையில் இரும்பை ஊற்றுவதற்கு முன்னால், அந்தப் பாகத்தை அப்படியே மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரப் பிரதியை மணலில் பதித்துத்தான் அச்சு எடுப்பார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அதற்கும் அளவு கூட்டிச் செய்ய வேண்டும். மரத்தில் மில்லிமீட்டர் கணக்கு பார்ப்பவர்கள் இவர்கள்தான்.

பெரியவர் பேனலை வாங்கி ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"சார், இது வால்நட்டுன்னு யார் சொன்னது? இது ஈட்டி."

"அண்ணே, கம்பெனியிலிருந்து வந்தது வால்நட்டுதானே?"

"வந்தது வந்திருக்கும். இப்ப இருக்கறது ஈட்டி. மோந்து பாருங்க."

ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். லேசான இனிப்பு வாசனை. ஊதாவும் பழுப்பும் கலந்த நிறத்தில் கறுப்புக் கோடுகள். ரோஸ்வுட். தமிழில் ஈட்டி, தோதகத்தி என்றெல்லாம் சொல்வோம்.

அடுத்து ஒரு துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து, பெயர்ந்திருந்த மூலையில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மேலே காட்டினார். இரண்டு நிமிடத்தில் மூலை இளகி எழுந்தது. "வஜ்ஜிரம் சார் இது. ஃபெவிகால் இல்ல." வஜ்ஜிரம் என்பது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். செய்த வேலையைப் பின்னால் வருபவன் சேதமில்லாமல் பிரிக்க முடியும் என்பது அதன் பெரிய குணம். நம்ம மென்பொருள் பாஷையில் சொன்னால், ரோல்பேக் வசதி உள்ள பசை.

வெனீரின் அடியில், சோக் குமிழ் துளையின் ஓரத்தில், வேறு நிறத்தில் ஒரு மெல்லிய கீற்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பழைய வால்நட். பேனலைத் திருப்பினோம். பின்பக்கம் பென்சிலில், தமிழில், "மேல்" என்று எழுதியிருந்தது. வேலை பார்த்த தச்சர், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தனக்காகக் குறித்துக்கொண்டது.

ஏன் உரிகிறது?

மரம் ஈரத்தை வாங்கும், விடும். வாங்கினால் நாரின் குறுக்காக விரியும், விட்டால் சுருங்கும். ப்ளைவுட் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது அவ்வளவாக அசையாது. மேலே இருக்கும் வெனீர் அசையப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பசை. சென்னையின் ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் மாறி மாறி வர, கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் நின்றால் உள்ளே டேஷ்போர்டு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இங்கிலாந்தின் குளிருக்கு அடித்த லாக்கர் இங்கே வெடிக்கும், வெடிப்பு வழியே ஈரம் இறங்கும், பசை கைவிடும். அப்படித்தான் வால்நட் போயிருக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால் பலகை அந்தப் பக்கம் வளையும். அதனால் பின்பக்கமும் ஒரு சாதா வெனீர் ஒட்டி இழுவிசையைச் சமன் செய்வது நல்ல தச்சரின் வழக்கம். அந்தப் பெயர் தெரியாத மெட்ராஸ் தச்சர் அதையும் செய்திருந்தார். "மேல்" என்ற பென்சில் எழுத்து அந்தப் பின் வெனீர் மேல்தான் இருந்தது. ஒப்புக்குச் செய்த வேலை இல்லை.

எது ஒரிஜினல்?

இப்போது நண்பருக்கு ஒரு சங்கடம். புது வால்நட் பேனல் மாட்டினால் கார் 1967-ல் பிரிட்டிஷ் ஆலையைவிட்டு வெளியே வந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பேனலும் இன்று செய்ததுதான், ஆலையில் பிறந்தது இல்லை. ஈட்டியை வைத்துக்கொண்டால் கார் "தவறான" மரத்தோடு இருக்கும். ஆனால் அந்தத் தவறு உண்மையானது. இறக்குமதி இல்லாத நாட்டில், பாகம் கிடைக்காத காலத்தில், கையில் இருந்த நல்ல மரத்தை வைத்து ஒருவர் தந்த பதில் அது.

இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்கு அந்த ஈட்டியை நினைத்த மாதிரி வாங்க முடியாது. தமிழ்நாட்டில் ரோஸ்வுட் மரங்களைப் பாதுகாக்க 1994-ல் தனிச் சட்டமே வந்தது, சொந்த பட்டா நிலத்தில் நின்ற மரத்துக்கும் சேர்த்து. 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்டீஸ் பட்டியலில் சேர்ந்து, நாடு விட்டு நாடு போவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தச்சர் அன்று கைக்கு எட்டியதை ஒட்டினார். அது இன்று கைக்கு எட்டாத பொருள். வால்நட்டை ஆர்டர் போட்டு வாங்கலாம். இதை வாங்க முடியாது.

நான் இதைச் சொன்னபோது நண்பர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்குறவன் வரலாறு கேட்க மாட்டான், போட்டோவோட ஒப்பிட்டுப் பார்ப்பான்" என்றார். நியாயம்தான். விலை குறையலாம். ஒரு வாரம் யோசித்துவிட்டு, இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தார். காரில் ஈட்டி. விற்கும் நாள் வந்தால் வாங்குபவர் வால்நட் மாட்டிக்கொள்ளட்டும், ஆனால் பழைய பேனலும் காரோடு போக வேண்டும் என்பது நிபந்தனை.

செய்த வேலை

ஸ்பிட்ஃபயரோ ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி எர்த்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வயரையும் போட்டோ எடுத்தோம். லூகாஸ் வயரிங்கில் நிறமே பாஷை: பழுப்பு என்றால் எப்போதும் கரண்ட், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸ் வழி வரும் இக்னிஷன், கறுப்பு எர்த். மர டேஷ்போர்டில் பலர் மறப்பது இந்தக் கறுப்பைத்தான். இரும்புப் பேனலில் மீட்டர் உடம்பே எர்த் ஆகிவிடும். மரம் கரண்டைக் கடத்தாது. ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் வயர் வேண்டும்.

பெரியவர் வெனீரை முழுக்க உரிக்கவில்லை. எழுந்திருந்த இடங்களில் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புது வஜ்ஜிரம் வைத்து, மரக்கட்டை கொடுத்து க்ளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டார். உடைந்துபோன ஒரு மூலைக்கு மட்டும், பழைய ஈட்டிக் கட்டிலின் உடைந்த சட்டத்திலிருந்து மெல்லிய துண்டு சீவி, நார் ஓட்டம் பார்த்துப் பதித்தார். காண்டாக்ட் சிமெண்ட் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அது வெயிலில் இளகிக் கொப்புளம் போடும், பிரிக்கவும் வராது. மேலே முதலில் அரக்கு பாலிஷ், அது நன்றாகக் காய்ந்த பிறகு புற ஊதாக்கதிரைத் தாங்கும் மேட் லாக்கர். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேண்டாம் என்பதும் அவர் யோசனைதான், வெயிலில் கண்ணைக் கூசும்.

பேனலைத் திருப்பி மாட்டும் முன், "மேல்" என்ற எழுத்துக்குக் கீழே அவர் பென்சிலால் தேதியையும் "மூலை ஒட்டு, வஜ்ஜிரம்" என்பதையும் எழுதினார். அடுத்து திறப்பவருக்குத் தெரியட்டும் என்றார்.

உங்கள் வீட்டில் பழைய ஹெரால்டோ, ஃபியட்டோ, அம்பாசிடரோ இருந்தால், ஏதாவது வேலைக்காக ஒரு பலகையைக் கழற்றும்போது பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கார் கம்பெனிகளின் வரலாற்றைப் புத்தகங்களில் தேடிக்கொள்ளலாம். அந்தக் கார்களை நாற்பது ஐம்பது வருடம் இந்த ஊரில் ஓட வைத்தவர்கள் எழுதி வைத்தது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.