பெயரில்லாத ஒரு மாணவி

தென்கொரியாவின் மாணவர் போராட்ட வரலாற்றை நான் முதலில் படித்தது ஆண்களின் பெயர்களாகத்தான். 1987 ஜனவரியில் காவல்துறையின் தண்ணீர்ச் சித்திரவதையில் இறந்த பார்க் ஜோங்-சுல். அதே ஆண்டு ஜூனில் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு வீழ்ந்த லீ ஹான்-யோல். சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி இவர்களின் மரணத்தால்தான் ஆட்டங்கண்டது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பெண் வாய் திறந்து பேசியிருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

க்வோன் இன்-சுக் சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவி. அன்றைய மாணவர்கள் பலர் படிப்பைவிட்டு, வேறொருவரின் அடையாள அட்டையோடு ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கல்லூரியில் படித்தவர் என்று தெரிந்தால், சங்கம் கட்ட வந்தவர் என்று முதலாளிகள் விரட்டிவிடுவார்கள். இவரும் அப்படித்தான் பூச்சோன் நகரில் ஓர் ஆலைக்குப் போனார். 1986 ஜூனில் கைதானார். தேடப்படும் தோழர்கள் எங்கே என்று கேட்டு, விசாரணை அதிகாரி ஒருவர் காவல்நிலையத்திலேயே அவரைப் பாலியல் சித்திரவதை செய்தார். அடியையும் உதையையும் தாங்கப் பழகிய இயக்கத்துக்கு இது புதிதா என்ன? புதிதல்ல. வெளியில் சொல்லத் துணிந்தவர்கள் அரிது, அவ்வளவுதான். வழக்குப் போட்டால் ஊரறிய அவமானம் என்ற பயத்தைத்தான் அதிகாரிகள் நம்பியிருந்தார்கள்.

அவர் சிறையிலிருந்தே புகார் கொடுத்தார். வழக்கறிஞர் சோ யங்-ரே முன்னின்றார்; நூற்றுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் துணைக்கு வந்தார்கள். அரசுத் தரப்பு சொன்ன பதில்தான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது: பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லையாம், புரட்சிக்காக அவர் பாலியலையே கருவியாக்குகிறாராம். பத்திரிகைகளுக்கு அன்றாடம் உத்தரவு அனுப்பும் வழக்கம் அந்த ஆட்சிக்கு இருந்தது. இந்த வழக்கைப் பற்றியும் உத்தரவு போனது: ‘பாலியல் சித்திரவதை’ என்ற சொல் கூடாது, ‘பூச்சோன் காவல்நிலைய நிகழ்வு’ என்று எழுதினால் போதும். அவருடைய பெயரும் ‘குமாரி க்வோன்’ என்று பாதியாகத்தான் அச்சானது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "நம்ம பேப்பர்ல ‘மானபங்கம்’னு போடுவாங்களே மேடம், அதுக்கு யாரு உத்தரவு போட்டா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொரியாவில் ஒரு அரசு அச்சுறுத்திச் செய்த வேலையை, இங்கே நம் மொழி தானாகவே செய்துகொண்டிருந்தது. மானம் போனது யாருக்கு என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

போலி அடையாளத்துக்காக க்வோனுக்கு ஒன்றரை ஆண்டு சிறை. அதிகாரி மீது வழக்கே வேண்டாம் என்று முடிவானது. பெண்கள் அமைப்புகள் அவருக்காகத் தெருவுக்கு வந்தன; சேர்ந்து இயங்கிய அந்தப் பழக்கத்திலிருந்துதான் 1987இல் கொரியப் பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பு பிறந்தது. அந்த ஜூனில் லட்சக்கணக்கானோர் திரண்டு நேரடித் தேர்தலைப் பெற்ற பிறகே நீதிமன்றத்தின் கதவு திறந்தது. 1989இல் அந்த அதிகாரிக்கு ஐந்தாண்டு தண்டனை.

க்வோன் பிறகு பெண்ணியம் படித்தார், பேராசிரியரானார். ஜனநாயகத்துக்காகப் போராடிய மாணவர் இயக்கத்துக்குள்ளேயே ராணுவத்தின் ஆண்மை எப்படிக் குடியிருந்தது என்று ஆராய்ந்து எழுதினார். 2020இல் நாடாளுமன்றத்துக்குப் போனார், முழுப்பெயரோடு.