கிலோமீட்டர் சொல்லாத தேய்மானம்: மந்தைவெளி ஓட்டமும் கேம் மூக்கும்

அதிகம் ஓடாத வண்டி. ஆனால் ஹெட்டைத் திறந்தால் கேம் மூக்கு மழுங்கி, ராக்கர் ஆர்மின் முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. இதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்வார்கள்: ஆயில் சரியில்லை, பாகம் போலி, ஓட்டியவர் முறுக்கி ஓட்டியிருக்கிறார். முதல் இரண்டும் பல வண்டிகளுக்குப் பொருந்தும். மூன்றாவதை இக்கட்டுரை மறுக்கிறது. கேம் மூக்கைத் தின்பது பெரும்பாலும் முறுக்கல் அல்ல, ஊர்தல்.

வால்வு முழுதாகத் திறக்கும் கணத்தில் கேமின் மூக்கு ராக்கர் ஆர்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. என்ஜின் வேகமாகச் சுற்றும்போது வால்வின் நிலைமம் அதை மேற்கொண்டு தள்ளிச் செல்லப் பார்க்கும். ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பங்கு அதைத் தடுத்துத் திருப்புவதில் செலவாகிவிடும். ஐடிலில் அந்த நிலைமம் அற்பம். ஆகவே ஸ்பிரிங்கின் விசை ஏறத்தாழ முழுதும் மூக்கின் மீது இறங்குகிறது. வேகத்தில் அடி வாங்குவது கேமின் பக்கவாட்டுச் சரிவு. எனவே கழற்றிய கேமில் தேய்ந்திருப்பது மூக்கா, சரிவா என்று பார்த்தாலே வண்டி எப்படி ஓடியது என்பது பற்றி ஓரளவு ஊகிக்கலாம்.

ஊரும் வேகத்தில் எண்ணெய்ப் படலமும் கைவிடுகிறது. டௌசன், ஹிகின்சன் வழிவந்த உயவுக் கோட்பாட்டின்படி எண்ணெய்ப் படலத்தின் தடிமன் வேகத்தின் சுமார் 0.7 அடுக்கில் மாறும். என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றிலிருந்து 1,200 சுற்றுக்கு இறங்கினால் படலம் பாதிக்கும் கீழே மெலிந்துவிடும். ஆயிலின் பாகுநிலைக்கும் ஏறத்தாழ இதே விதிதான். குளிர்நாட்டு நூல்கள் அதிகாலைக் குளிரில் ஸ்டார்ட் செய்வதைப் பெரிய எதிரியாகக் காட்டும். சென்னையில் அந்தக் கவலை குறைவு. இங்கே காற்றுப்படாமல் நின்று கொதிக்கும் ஏர்-கூல்டு என்ஜினில் நீர்த்துப்போகும் ஆயிலே எதிரி.

மெட்ரோ சுரங்கப் பணி நடக்கும் மந்தைவெளியில், ராமகிருஷ்ண மடம் சாலை நெரிசலில் போகும் 100 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். டாப் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் 4,000 சுற்று என்று கொண்டால், கேம்ஷாஃப்ட் அதில் பாதி. கிலோமீட்டருக்கு 3,000 சுற்று. மணிக்கு 10 கிலோமீட்டரில் 2,500 சுற்றில் ஊர்ந்தால் கிலோமீட்டருக்கு 7,500. சிக்னலில் 1,200 சுற்றில் நின்றால் நிமிடத்துக்கு 600. ஓடோமீட்டரில் ஏறுவதோ பூஜ்யம். இரண்டரை மடங்கு உழைத்த கேமைக் கிலோமீட்டரை வைத்து இளமையானது என்கிறோம்.

சென்னைக்கு இன்னொரு வகை என்ஜினும் பழக்கமானது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோத்ததில் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டில் கேம்கள் கீழே, டைமிங் பெட்டியில் இருந்தன. புஷ்ராடுதான் மேலே போனது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 போன்ற வண்டிகளில் கேமே ஹெட்டுக்கு ஏறியது. ஆயில் பம்ப்பிலிருந்து தொலைவு, வெப்பமும் அதிகம். எடை குறைந்தது, மைலேஜ் கூடியது. அந்த லாபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆயிலின் மீதான சார்பு கடுமையாகிவிட்டது.

அதனால்தான் காருக்கான ஆயிலை ஊற்றும் பழக்கம் என்னைக் கலங்கச் செய்கிறது. கிளட்ச் வழுக்கும் என்று மட்டுமே எச்சரிக்கிறார்கள். படலம் அறுந்த இடத்தில் உலோகத்தைக் காப்பது துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை. மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ தரம் பாஸ்பரஸை 0.08 முதல் 0.12 சதவீதம் வரை வைக்கச் சொல்கிறது. கார்களுக்கான மெல்லிய ஆயில்களிலோ, புகைக்குழாய் வினையூக்கியைக் காக்க, 0.08 என்பதே உச்சவரம்பு.

சத்தத்தை அடக்க டாப்பெட்டை இறுக்கி வைப்பதும் கேடு. இடைவெளி போய்விட்டால், வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் கேம் உரசிக்கொண்டே இருக்கும். புது ஆயில் உள்ளே வர இடமில்லை. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் சரியாக உட்காராமல் கருகவும் செய்யும். ஃபீலர் கேஜ் இல்லாமல், காதை மட்டும் நம்பி வைக்கும் டாப்பெட்டை ஏற்கக் கூடாது.

டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் ஓடிய மணிக்கணக்கை வைத்து ஆயில் மாற்றுகிறோம். நகரத்து வண்டிக்கும் அதுவே பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதிக்கு வந்த, எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிகளில் கிராங்க் சென்சார் ஒவ்வொரு சுற்றையும் ஏற்கெனவே உணர்கிறது. அந்தச் சுற்றுகளைக் கூட்டி வைத்து, கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மீட்டரில் காட்டப் புதுச் சென்சார் எதுவும் வேண்டாம். சர்வீஸ் அட்டவணையில் இரண்டில் எது முதலில் நிறைகிறதோ அதற்கு ஆயில் மாற்றச் சொல்லி எழுதினால் போதும்.