கரைசேர்த்தவர்கள்: தரங்கம்பாடிக் கடல்சார் அருங்காட்சியகமும் நம் சபை வரலாறும்

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாளிலிருந்து தொடங்குவது மரபு. 'சோஃபியா ஹெட்விக்' என்னும் டேனியக் கப்பலில் வந்த சீகன்பால்கு, புளுச்சோ ஆகிய இருவரும் அன்று தரங்கம்பாடியில் இறங்கினர் என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அவர்கள் தமிழ் கற்ற வரலாற்றுக்குச் சென்றுவிடுகிறோம். 'இறங்கினர்' என்னும் அவ்வொரு சொல்லுக்குள் மறைந்து நிற்போர் யாவர் என நாம் வினவுவதில்லை. அக்காலத் தரங்கம்பாடியில் பெருங்கப்பல் அணையத்தக்க துறை இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். அலை மடிந்து உடையும் அவ்விடத்தைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்ப்பது சோழமண்டலக் கரையெங்கும் உள்ளூர்ப் படகோட்டிகளின் தொழிலாக இருந்தது. அவர்களுடைய படகில் ஆணி இராது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அது மணலில் மோதும்போது பிளவுறாமல் நெகிழ்ந்து கொடுக்கும். ஐரோப்பியர் அதனை மசூலா என்றும் செலிங்கா என்றும் எழுதிவைத்தனர். படகின் பெயர் பதிவாயிற்று. துடுப்புப் பிடித்தவர் பெயர் பதிவாகவில்லை.

தரங்கம்பாடிக்கு நம் மாணவர் ஆண்டுதோறும் செல்லுகின்றனர். 1620இல் எழுந்த டான்ஸ்பர்க் கோட்டையையும், அங்குத் தமிழகத் தொல்லியல் துறை நடத்தும் காட்சிக்கூடத்தையும் காண்கின்றனர். 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் ஜெபிக்கின்றனர். 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட சீகன்பால்கு இல்லத்தில் அச்சுக்கலை பற்றிக் கேட்டறிகின்றனர். இவற்றையெல்லாம் விடச் சிறியது, தரங்கம்பாடி டேனிஷ் சங்கத்தாரின் முயற்சியால் அமைந்த கடல்சார் அருங்காட்சியகம். பழைய மீன்பிடிப் படகுகளும், கருவிகளும், சுனாமி பற்றிய பதிவுகளுமே அதன் உடைமை. பெரும்பாலும் அது பயணத்தின் முடிவில், பேருந்துக்கு நேரமாகும் வேளையில் எட்டிப்பார்க்கும் இடமாகிவிடுகிறது. என் எண்ணத்தில் பயணம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைப்பதே அதன் அமைப்பு. இடைவெளிகளின் வழியே நீர் புகுந்து வெளியேறுவதால், அலை மேலேறினும் அது மூழ்குவதில்லை. கரைக்கு வந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலரவைப்பர். மீனவர் அதனைச் சுருக்கமாக 'மரம்' என்றே அழைப்பர். இச்சொல் ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்று, இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குப் பெயராய் நிற்கிறது. தமிழ் அச்சுக்குத் தரங்கம்பாடி தந்ததைப் பற்றிப் பெருமிதத்துடன் பேசும் நாம், தமிழ்க் கரை உலகுக்குத் தந்ததைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

வலைகளின் முன் நிற்கும் இறையியல் மாணவனுக்கு வேறொரு கேள்வியும் எழவேண்டும். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் வலைக்கு மூன்று சொற்களை ஆளுகிறது. சீமோனும் அந்திரேயாவும் வீசிக்கொண்டிருந்தது 'அம்ஃபிப்ளேஸ்ட்ரோன்'. அவர்கள் விட்டுச்சென்றவை 'திக்துவா'. இது வலைகளுக்கு உரிய பொதுச்சொல். பதின்மூன்றாம் அதிகாரத்து உவமையில் வருவதோ 'சாகேனே'. நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் மூன்றும் 'வலை' என்றே வருகின்றன. கடற்கரையில் எந்த மீனவரும் இவற்றைக் குழப்பார். முதலாவது, ஒருவர் கையால் விரித்தெறியும் வீச்சுவலை. மூன்றாவது, ஏறக்குறைய நமது கரைவலை: ஒரு முனையைக் கரையில் வைத்து, மற்றதைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்து, இரு பக்கமும் பலர் நின்று இழுப்பது. அது தெரிந்தெடுப்பதில்லை, அகப்பட்ட அனைத்தையும் வாரிவரும். பிரித்தெடுத்தல் கரையில்தான் நடைபெறும். உவமையின் பொருளே இவ்வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. வீச்சுவலையை மனத்தில் வைத்துப் பிரசங்கிப்பவர் அதனைத் தவறவிடுவார். விளக்கவுரை நூல்களைத் தேடி நாம் கற்பதைக் கரையிலுள்ள மூதாட்டி ஒருத்தி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவாள்.

பின்னர் ஏன் கேளாதிருந்தோம்? தென்கோடியில் முத்துக்குளித்துறைப் பரவர் 1530களில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் சவேரியார் வந்தார். அவ்வாறு அம்மக்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றில் இடம்பெற்றனர். தரங்கம்பாடிக் கரையின் பட்டினவரோ பெரும்பாலும் தம் முன்னோர் சமயத்திலேயே நின்றனர். இலுத்தரன் சபை பெரும்பாலும் வேறு சமூகத்தாரிடையே வளர்ந்தது. சபை வரலாற்றுக்குத் திருமுழுக்குப் பதிவேடே தலையாய ஆதாரமானபோது, அதில் இல்லாதவர் வரலாற்றிலும் இல்லாதவராயினர். மூன்று நூற்றாண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்த அயலாரைப் பற்றி நாம் எழுதியவை மிகச் சில.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருச்சபைகளும் கிறிஸ்தவத் துயர்துடைப்பு நிறுவனங்களும் விரைந்து சென்றன. அது செய்யத்தக்க பணியே. ஆயினும் உதவி பெரும்பாலும் ஃபைபர் படகுகளாகவே கரையில் வந்து குவிந்தது. மரத்தட்டுப்பாட்டால் முன்னரே குறைந்துகொண்டிருந்த கட்டுமரம் அதன்பின் விரைந்து மறைந்தது. மீனவர் பலர் புதிய படகை விரும்பினர் என்பதையும் மறைத்தலாகாது. சுமை குறைந்தது, தொலைவு செல்ல முடிந்தது. ஆனால் எந்தப் படகு, எத்தனை படகு என்பதில் ஊர்ப் பஞ்சாயத்தாரின் சொல்லைக் காட்டிலும் கொடுப்போரின் கணக்கு ஓங்கிய இடங்கள் உண்டு. 1953இல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே மீன்வளத் திட்டமும் நல்லெண்ணத்தில் பிறந்ததே. அதன்வழி வந்த இயந்திரப் படகும் இழுவை மடியும் சிறு மீனவரின் பாட்டைக் குறைத்த கதையை அடுத்த தலைமுறை கண்டது. ஆகவே அருங்காட்சியகத்துக் கட்டுமரத்தின் முன் நிற்கும்போது, அது அங்கு வந்து சேர்ந்ததில் நமக்கும் ஒரு பங்குண்டு.

காரைக்குடிப் பகுதிச் சபைகளுக்குத் தரங்கம்பாடி தொலைவு. ஆனால் தொண்டிக் கடற்கரை அருகிலேயே உள்ளது. அலை அடங்கிய பாக் நீரிணையில் பலகைப் படகாகிய வத்தையே நெடுங்காலம் வழங்கியது. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வெளியான தம் ஆய்வில் இக்கரைப் படகுகளின் குறுக்கே நீளும் சமநிலைப் பலகையை வருணித்துள்ளார். காற்று வலுக்கும்போது ஆட்கள் அப்பலகையின்மீது நகர்ந்து, தம் உடற்பாரத்தால் படகைச் சாயாமல் காப்பர். பாய் கட்டி வத்தை ஓட்டிய முதியவர்கள் சிலரேனும் இக்கரையூர்களில் இன்னும் இருக்கக்கூடும். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றைப் பெயர்சொல்லி அறிந்த தலைமுறை அது. இவ்வாண்டு சபை வரலாற்றுப் பாடத்தில் களப்பணி ஏற்கும் மாணவர் இருவர் மூவர், பதிவேடுகளைப் புரட்டுமுன் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஒரு வாரம் தொண்டியில் தங்கட்டும். முதற்கேள்வியாக வலைகளின் பெயர்களைக் கேட்கலாம்.