மலையேறாத மருந்து

லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்த பின்னும் சி.டி. படத்தில் கட்டி தெரியலாம். அது வெறும் தழும்பா, உயிருள்ள நோயா? அந்தப் படம் சொல்லாது. 1969இல் எட்வர்ட்ஸும் ஹேய்ஸும் எலும்பை ஆராய ஹாட்ஜ்கின் நோயாளிக்குக் காலியம்-67 செலுத்தினார்கள். அது நிணநீர்க் கட்டிகளில் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் ஃபுளூரின்-18 ஏற்றிய சர்க்கரை அவ்விடத்தைப் பிடித்தது. இந்தியாவின் முதல் பெட் கருவி 2002இல் மும்பைக்கு வந்தது. 2009இல் பிரான்ஸின் டோவில் நகரில் ஐந்து படி அளவுகோல் பிறந்தது: கட்டியின் ஒளி கல்லீரலின் ஒளியை மிஞ்சாவிட்டால் நிம்மதி.

ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடங்கள். கோவையிலிருந்து பேருந்து உதகையை அடைவதற்குள் பாதிக்கு மேல் தேய்ந்துவிடும். ஆகவே மருந்து மலையேறுவதில்லை, நோயாளிதான் இறங்குகிறார். ஆறு மணி நேரம் பட்டினி. தேயிலை கிள்ளியே வாழ்ந்தவருக்கு அன்று காலை ஒரு வாய்த் தேநீரும் விலக்கு.