டீச்சர் இல்லாமல் படகுப் பயணம்... ஆற்றங்கரையில் முதல் இரவு! பிரிட்டன் மாணவர்களுக்கு இது எப்படி சாத்தியம்?

பிரிட்டனில் 14 வயது மாணவர்கள் கனூ படகில் கிளம்பி, தாங்களே துடுப்புப் போட்டு, இரவு ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு, மறுநாள் பயணத்தைத் தொடர்கிறார்கள். படகில் ஆசிரியரும் கிடையாது, பெற்றோரும் கிடையாது. ‘சின்னப் பசங்களை ஆத்துல தனியா விடலாமா?’ என்று கேட்பவர்கள், இதன் பின்னால் இருக்கும் ஏற்பாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் நடத்துகிறார்கள்?

இளவரசர் பிலிப் 1956-ல் தொடங்கிய ‘டியூக் ஆஃப் எடின்பரோ விருது’ திட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என 3 நிலைகள் உண்டு. முதல் நிலையான வெண்கலத்துக்கு 2 பகல், 1 இரவு பயணம் கட்டாயம். பெரும்பாலானோர் நடந்தே போவார்கள். சிலர் கனூவைத் தேர்ந்தெடுப்பார்கள். மோட்டார் கூடாது. வழியைத் திட்டமிடுவது, கூடாரம் போடுவது, சமைப்பது எல்லாமே மாணவர்கள் பொறுப்பு.

கனூ வேறு, கயாக் வேறா?

ஆமாம். மேல்பக்கம் திறந்திருக்கும் கனூவில் ஒருபக்கத் துடுப்பு. கயாக்கில் இருபக்கத் துடுப்பு. கூடாரம், அடுப்பு, போர்வைப் பை எல்லாவற்றையும் ஏற்ற இடம் இருப்பதால் இரவு தங்கும் பயணத்துக்கு கனூதான் வசதி.

எந்த ஆறு?

வேல்ஸ் மலையில் பிறந்து இங்கிலாந்து எல்லையை ஒட்டி ஓடும் வை ஆறு இதற்குப் பிரபலம். இங்கிலாந்தில் எல்லா ஆற்றிலும் படகு விட உரிமை இல்லை. வை ஆற்றில் ஹே-ஆன்-வை ஊருக்குக் கீழே அந்த உரிமை பொதுமக்களுக்கு உண்டு. ஆனால் கரையில் தங்க நில உரிமையாளரின் அனுமதி தேவை.

அப்போ பெரியவர்கள் எங்கே?

தூரத்தில். பாலம், படித்துறை என முன்பே பேசிவைத்த இடங்களில் காத்திருப்பார்கள். குழு குறித்த நேரத்துக்கு வரவில்லை என்றால் தேடல் தொடங்கும். தனியாக விடுவதற்கு முன் பயிற்சிப் பயணமும் உண்டு.

சட்டம் வந்தது ஏன்?

1993 மார்ச் 22. இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் பயணம் போன மாணவர்களில் 4 பேர் உயிரிழந்தனர். கூட இருந்த பயிற்சியாளர்களுக்குப் போதிய அனுபவம் இல்லை. குழு திரும்பவில்லை என்ற தகவலும் தாமதமாகவே போனது. பயணத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் 1994-ல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 1995-ல் தனிச் சட்டமே வந்தது. இதன்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் வாங்கி இத்தகைய சாகசப் பயிற்சி தரும் மையங்கள் உரிமம் பெற வேண்டும்.

படகு கவிழ்ந்தால்?

லைஃப் ஜாக்கெட் எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும். கழற்றி படகில் போட்டு வைத்தால் பயனில்லை. குளிர்ந்த நீரில் விழுந்ததும் மூச்சு வாங்கும், பதற்றம் வரும். உடனே நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகே அடுத்த வேலை.

படகைப் பிடித்திருந்தால், தண்ணீர் வரும் பக்கமாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் நீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கும் ஆபத்து உண்டு. ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களை நெருங்கவே கூடாது. தண்ணீர் கிளை வழியே போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார்.

இரவில் என்ன கவனம்?

முகாமில் மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் நள்ளிரவில் நீர்மட்டம் ஏறலாம். அதனால் கூடாரம் மேட்டில்தான். படகைக் கரையில் உயரமாக இழுத்து, கவிழ்த்து, மரத்தில் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் காலையில் படகு இருக்காது. மாற்றுத் துணியும் போர்வையும் தண்ணீர் புகாத பையில் இருந்தால்தான் நனைந்து வந்தவர் ராத்திரி குளிரைத் தாங்க முடியும்.

காலையில் ஆறு கலங்கி, வேகமாக ஓடினால்?

படகை இறக்கக் கூடாது. நீர் வடியும்வரை காத்திருப்பதோ, பொறுப்பாளரை அழைத்துப் பயணத்தை நிறுத்துவதோ தோல்வி அல்ல. அந்த முடிவை எடுக்கத் தெரிவதும் பயிற்சியில் ஒரு பாடம்தான்.