டாக்டர் மேரி இரட்ணமும் இணுவிலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அமெரிக்க மிஷன் ஆற்றிய பணிகளை நாம் நன்கறிவோம். உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் நிறுவப்பட்டமையும் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தமையும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. அம்மிஷன் தன் கதவைத் தானே அடைத்துக்கொண்ட ஒரு சந்தர்ப்பம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கனடாவில் 1873இல் பிறந்த மேரி ஏர்வின் ரொறன்ரோவில் மருத்துவம் பயின்றவர். இணுவிலில் பெண்களுக்கான மருத்துவப் பணிக்கென 1896இல் இலங்கை வந்தார். ஆனால் அவர் மணந்தது, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்ற எஸ். சி. கே. இரட்ணம் என்னும் தமிழரை. மிஷன் இதனை ஏற்கவில்லை. இணுவிலில் அவருக்கு இடமில்லாது போயிற்று. கணவர் கிறிஸ்தவர், கல்விமான். ஆகவே மதமோ கல்வியோ இங்கு தடையன்று. எஞ்சியது நிறம் ஒன்றே என்பது நம் கருத்து. அந்நியரை மட்டும் குறைகூறி அமைதல் நமக்கும் தகாது. பாடசாலைகளில் சமஆசனம் வழங்குவதற்கு எதிராக 1930ஐ அண்டிய காலத்திற்கூடத் தீவைப்பு நிகழ்ந்த மண் இது.

இணுவில் இழந்த மருத்துவரைக் கொழும்பு பெற்றது. 1904இல் இலங்கை மாதர் சங்கம், 1909இல் தமிழ் மாதர் சங்கம் என அவர்தம் முயற்சிகள் விரிந்தன. இவற்றுள் 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தனித்து நோக்கற்பாலது. பறங்கியரான அக்னஸ் டி சில்வாவும் சிங்கள, தமிழ்ப் பெண்களும் கனடாவிற் பிறந்த இவரும் ஒரே கோரிக்கையுடன் டொனமூர் ஆணைக்குழுவை அணுகினர். இணுவிலுக்கு அண்மையில், மருதனார்மடத்தில், பெண்களுக்கென 1913இல் கல்லூரி நிறுவிய பொன்னம்பலம் இராமநாதனோ பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தவர். 1931இல் ஆணும் பெண்ணும் வாக்களித்தபோது எவர் கருத்து வென்றது என்பது வெளிப்படை.

1930இல், கனடிய மாதர் நிலையங்களின் மாதிரியில், லங்கா மகிளா சமிதியை அவர் தொடக்கினார். கிராமப் பெண்கள் கூடிச் சுகாதாரம், கைத்தொழில், இல்லப் பொருளாதாரம் பயிலும் அமைப்பு இது. நகரத்துக் கற்றோர் குழாத்தைக் கடந்து சென்றமையால் இதனையே அவரது தலையாய பணியாக நாம் மதிப்பிடுகிறோம். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவாகிய முதற் பெண்ணும் அவரே.

1958இல் மக்சேசே விருது அவரைத் தேடிவந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேதான் தமிழருக்கெதிரான வன்செயல் நாடெங்கும் பரவி, அகதிகள் கப்பலேறிப் பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் வந்திறங்கினர். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. 1962இல் அவர் காலமானார்.