மாணவர் இசைக் காணொளி: மன்னார்க் கரையின் மரபும் மீறலும்

பாடசாலை, பல்கலைக்கழக மாணவர் ஒரு பாடலைத் தேர்ந்து, அதற்குப் படம்பிடித்துத் தொகுக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடப் படைப்பு மாணவர் இசைக் காணொளி. ஈழத்து இளைஞர் பேச்சில் இது பெரும்பாலும் 'அல்பம் பாட்டு'. இங்கிலாந்தின் ஏ லெவல் ஊடகப் பாடத்தில் இது செய்முறைப் பயிற்சியாகவே இருந்தது. காணொளியைச் செய்து முடித்த மாணவர், அது தன் வகைமையின் மரபை எங்கே பின்பற்றியது, எங்கே மீறியது என்று விளக்கியும் எழுத வேண்டியிருந்தது. இலங்கையில் உயர்தரத்துக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், நாடகமும் அரங்கியலும் ஆகிய பாடங்கள் உண்டு. மன்னாரில் இவற்றைப் படிப்பவர் அந்தக் கேள்விக்குத் தம் ஊர்ப் பழக்கத்திலிருந்தே விடை சொல்ல முடியும்.

வகைமை என்னும் ஒப்பந்தம்

1981 ஓகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியபின் இசைக் காணொளிக்கென ஒரு வாய்பாடு உருவாயிற்று. அதை அலசிய ஆண்ட்ரூ குட்வின், 1992-இல் வந்த தம் நூலில் சில கூறுகளை எடுத்துக்காட்டினார். ராக் பாட்டுக்குக் குழு மேடையில் வாசிக்கும் காட்சி வேண்டும், ராப் பாட்டுக்குப் பாடகரைச் சூழ்ந்து கூட்டாளிகள் நிற்க வேண்டும் என்பதுபோல ஒவ்வோர் இசைவகைக்கும் ஓர் அடையாளம் இருக்கும். படம் பாட்டின் சொல்லையும் தாளத்தையும் தொட்டுச் செல்லும். இசைத்தட்டு நிறுவனம் கேட்பதால் பாடகரின் முகம் அடிக்கடி அண்மைக் காட்சியில் வரும். வேறு படங்களை நினைவூட்டும் சாயல்களும் இருக்கும்.

தமிழ் மாணவருக்கு இவற்றைவிட நெருக்கமான வாய்பாடு சினிமாப் பாட்டு. பல்லவியில் ஓர் இடம், இடையிசையில் இடமும் உடையும் மாறுதல், சரணத்தில் பிரிவு அல்லது நினைவு என்ற அந்த ஒழுங்கு சிறுவயது முதலே கண்ணில் பதிந்தது. அதனால் மாணவர் காணொளிகளில் மரபு பெரும்பாலும் தேர்ந்து எடுக்கப்படுவதில்லை, தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. தெரியாமல் பின்பற்றும் மரபை மீறவும் முடியாது.

கூத்து தரும் முன்மாதிரி

மன்னார்க் கரைக்கு அதைவிடப் பழைய இசைக்காட்சி வடிவம் ஒன்று உண்டு: கத்தோலிக்க நாட்டுக்கூத்து. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இங்கே இரு ஆட்டமரபுகள் வழங்குகின்றன. என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்கள் புகழ்பெற்றவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் இவற்றைப் பதிப்பித்தார். விரிந்த நாடகம் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நீளும். அதைச் சுருக்கி ஓரிரவில் ஆடி முடிக்கும் வடிவம் வாசாப்பு. நீளத்தை வெட்டினாலும் வகைமை நிலைத்து நிற்கும் என்பதைக் கூத்துப் பழக்கும் மன்னார் அண்ணாவிமார் எப்போதோ செய்து காட்டிவிட்டனர்.

மாணவர் கையில் மரபு மாறியதற்குத் தெளிவான சான்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956-இல் மேடையேற்றிய 'மனமே', சிங்கள நாடகம் என்ற கூத்துவடிவத்தை எடுத்தாண்டது. அவ்வடிவமோ தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் செல்வாக்கில் வளர்ந்தது. அடுத்த பத்தாண்டில் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக்கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எனப் புதுக்கினார். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு. ஆட்டமும் தாளக்கட்டும் அடிப்படையாக நின்றன. வட்டக்களரி போய்ப் படச்சட்ட மேடை வந்தது, விடியவிடிய நடந்தது ஓரிரு மணி நேரமாயிற்று, பாத்திரத்தின் மனப்போராட்டம் முன்னுக்கு வந்தது. மாற்றியவற்றைவிட மாற்றாமல் விட்டவற்றைத் தேர்ந்த விதமே அந்த முயற்சியின் பலம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே கணக்கைக் காணொளிக்கும் போடலாம். கூத்தில் பாத்திரம் வரவுப் பாட்டோடு நுழைந்து தன்னை யாரென்று சொல்லும். பாடகர் முகத்தை முதல் அண்மைக் காட்சியில் காட்டும் காணொளி மரபுக்கு இது நேர் இணை. பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடும் இடத்தில், பாடகரை விட்டுக் கூட்டத்தின் முகங்களுக்கு வெட்டினால் தொகுப்பின் தாளம் அங்கேயே கிடைத்துவிடும். அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரனைப் பேசாலை மீன் ஏலத்தில் விலை கூவுபவராக நிறுத்தினால் அது மீறல். கூத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பு வரும், பார்க்காதவருக்கு வெறும் ஏலக் காட்சியாகப் போகும்.

படகும் கரையும்

மரபைப் பின்பற்றியே மீறும் இந்த விளையாட்டைப் புலம்பெயர் தமிழரில் உலகறியச் செய்தவர் பாடகி எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, 1986-இல் இலண்டனுக்கு அகதியாகச் சென்ற அவர் (இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம்) அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் பயின்றவர். 2015-இல் அவரே இயக்கிய 'போர்டர்ஸ்' காணொளியில் ராப் மரபு அப்படியே இருக்கிறது: நடுவில் பாடகி, சுற்றிலும் ஆண்கள், கேமராவை நேரே நோக்கும் பார்வை. ஆனால் சூழ்ந்திருப்பவர் படகில் நெருக்கியடித்து அமர்ந்த அகதிகள், வேலியில் ஏறி நிற்பவர்கள். கார், நகை, பணம் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் இருப்பதே மீறல்.

தலைமன்னாரில் நிற்கும் மாணவருக்கு அந்தப் படகு இரவல் படிமம் அல்ல. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இந்தக் கரையிலிருந்துதான் பல்லாயிரம் பேர் இராமேசுவரம் போனார்கள். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியிலும் மன்னாரிலிருந்து குடும்பங்கள் படகேறின. ஆகவே படகைக் காட்டியதும் சோகம் என்பது இங்கே பழகிய சூத்திரமாகிவிட்டது. கைவிடப்பட்ட தலைமன்னார் இறங்குதுறை, பள்ளிமுனைப் பெருக்கு மரம், அந்திச் சூரியன், மெதுவாக நடக்கும் பாடகர் என்ற வரிசையும் அப்படித்தான். அதே வள்ளத்தில் திருமணப் பாட்டை வைத்தாலோ, 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையின் இறக்கைச் சுழற்சியைத் தாளமாக்கினாலோ, நகர வீதியில் திரியும் கழுதைகளைக் காதல் பாட்டின் 'கூட்டாளிகள்' ஆக்கினாலோ பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இவற்றிலும் காற்றாலைக்கு இப்போது வேறு பொருள் ஏறியிருக்கிறது. 2025-இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் போராடியபின் அது வெறும் அழகுக் காட்சியாக நிற்காது.

செய்முறை

படப்பிடிப்பிடத்தில் பாட்டு ஒலிப்பெட்டியில் ஓடும், பாடகர் உதட்டை மட்டும் அசைப்பார். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்றில் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தாளம் கேட்காது, உதடு பிந்திப் போகும். முடிக்குள் மறைத்த காதொலிப்பான் போதும். பின்னணி மெதுவாக நகர, உதடு மட்டும் பாட்டோடு ஒத்துவர வேண்டுமானால் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 பிரேமில் எடுத்து, 25-இல் ஓட்ட வேண்டும். அலை பாதி வேகத்தில் உருள, வாய் மட்டும் சரியான இடத்தில் திறக்கும்.

ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். மன்னார்க் கோட்டை, அரிப்பு டொரிக் மாளிகை போன்ற இடங்களுக்குத் தொல்லியல் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு எடுத்த காணொளியை யூடியூப் உரிமைச் சிக்கலில் முடக்கலாம். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுக்குத் தனி ஆசிரியர் இல்லை, ஆனாலும் பாடிய கரைவலைக்காரரின் குரல் அவருடையது. ஒலிப்பதிவுக்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்வதும், முடிவுப் பெயர்ப்பட்டியலில் அண்ணாவியாருக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் இயக்குநருக்கு இணையான எழுத்தளவில் இடம் தருவதும் முறை.